சிவப்புக் கேட்டவருக்குப் பச்சைக் கதவு

தங்கை (மனதுக்குள்): பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ தானே வரைந்ததைப்போலச் சுவரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறான். அடிமரத்தில் ஆரம்பித்துக் கிளை கிளையாக மேலே போகிறான். உச்சிக்கு வந்தாயிற்று. அந்த இலைகளுக்கு நேராக மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறான். ஒன்றும் சொல்லவில்லை. இனி நான் மூச்சு விடலாம்.

அண்ணன்: ...பிரமாதம் போ! நீ எங்க சொதப்பிடுவியோன்னு நினைச்சேன்.

தங்கை: நம்பிக்கைக்கு ரொம்ப நன்றி.

அண்ணன்: அட, முகத்தைத் தூக்காத. கடையோட பின்சுவர் முழுக்க வம்சமே ஏறி உக்காந்திருக்கு. நடுவுல தாத்தா. கீழ மூணு பொண்ணு, ரெண்டு பையன். அதுக்கும் கீழ நாம எல்லாம்... அந்த மூலையில யாரு, இத்துனூண்டு எழுத்துல?

தங்கை: சின்ன மாமாவோட புதுப் பேரன். நான் வரைஞ்சு முடிச்ச அன்னிக்குப் பொறந்தான். இடம் இல்ல, இடுக்கிட்டேன்.

அண்ணன்: பொறந்த உடனே நெருக்கடியா, பாவம். உச்சியில வெறும் இலைதானே?

தங்கை: நீயே பாரு. உன் கண்ணுதானே இந்தக் கடையோட கண்ணு.

அண்ணன்: பார்த்துட்டேன், பார்த்துட்டேன். இலைதான். நான் சொன்ன மாதிரியே அவங்க பேரை விட்டுட்ட. சமர்த்து.

தங்கை: எவங்க பேரை?

அண்ணன்: தெரியாத மாதிரி கேளு. தாத்தாவோட தங்கச்சி. மேல்மாடி அத்தை. நாளைக்குக் கடைக்கு எழுபத்தஞ்சு வயசு ஆகுது. மேயர் வர்றாரு, பத்திரிகைக்காரங்க வர்றாங்க. ‘இது யாரு?’ன்னு ஒருத்தர் கேட்டா, ‘புத்தி சரியில்லாம மாடியில அடைஞ்சு கிடந்தாங்க, நாள் பூரா தரையைத் தட்டிக்கிட்டே இருப்பாங்க’ன்னு சொல்லிக்கிட்டு இருக்கணுமா?

தங்கை: வேண்டாம். அப்படிச் சொல்லவே கூடாது.

அண்ணன்: அதான் நானும்...

தங்கை: ஏன்னா அது பொய்.

அண்ணன்: ஆரம்பிச்சுட்டியா! பேர் கேட்டுக்கிட்டு வாம்மான்னு சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பினா, பேரை மட்டும் கேட்டுட்டு வரணும். நீ போன இடத்துல எல்லாம் பசங்களை உக்கார வச்சு, புள்ளி புள்ளியா ஏதோ அட்டையைக் காட்டி விளையாடினியாமே? சின்னம்மா போன் பண்ணி, ‘உன் தங்கச்சி கண் டாக்டர் ஆயிட்டாளா?’ன்னு கேக்கறாங்க.

தங்கை: ஆமா, புள்ளிக்குள்ள ஒரு எண் ஒளிஞ்சிருக்கும். தெரிஞ்சா சொல்லணும். சின்னம்மா பசங்க ரெண்டு பேருக்கும் தெரியல.

அண்ணன்: ...விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க.

தங்கை: ஒருத்தன் அழுதுட்டான்.

அண்ணன்: சரி, விடு. வெளியில யாரோ படி ஏறி வர்றாங்க.

பெரியம்மா: யாரோவா? உன் பெரியம்மாடா! மூச்சு வாங்குதுன்னு சத்தத்துலயே தெரியணுமே. எழுபத்தஞ்சு வருஷமா பெயிண்ட் விக்கறீங்க, வாசல் படிக்கு ஒரு கைப்பிடி வைக்கக் கூடாதா?

அண்ணன்: வாங்க பெரியம்மா, விழா நாளைக்குத்தானே?

பெரியம்மா: தெரியும்டா. நாளைக்குக் கூட்டத்துல என் பேரு எங்க இருக்குன்னு எட்டிப் பார்க்க முடியாது. அதான் இன்னிக்கே வந்தேன். தலைக்குச் சாயம் அடிச்சிருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.

தங்கை: செம்பழுப்பு. காதோரம் கொஞ்சம் அழுத்தமா விழுந்திருக்கு. ஆனா அழகா இருக்கு பெரியம்மா.

பெரியம்மா: பாரு, இவ கண்ணு கண்ணு! நீ என்னடா சொல்ற?

அண்ணன்: ஆங்... அதேதான். நல்லா இருக்கு.

பெரியம்மா: எங்கடி என் பேரு... ஆங், இருக்கு. என் பசங்க இருக்காங்க. எங்கப்பா... அடியே.

தங்கை: என்ன பெரியம்மா?

பெரியம்மா: அடியே... நாற்காலியை இழுத்துப் போடு. உச்சியில... பச்சை இலைக்கு நடுவுல செக்கச்செவேல்னு... அது எங்க அத்தை பேரு!

அண்ணன்: எங்க?

பெரியம்மா: எங்கன்னா? உன் மூக்குக்கு நேராடா! கையகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தும் இருக்கு, எங்கன்னு கேக்கறியே. 

அண்ணன்: ஓ... அதுவா. ஆமா. இல்ல, இந்த மூலையில வெளிச்சம் கம்மி... கண்ணாடியை வேற கல்லாவுலயே வச்சுட்டேன்.

பெரியம்மா: நீ எப்படா கண்ணாடி போட்ட?

அண்ணன்: ...படிக்க மட்டும். ஏய், நீ வேணும்னேதானே...

தங்கை: என்ன வேணும்னே? சொல்லுண்ணா. பெரியம்மாவும் கேக்கட்டும்.

அண்ணன்: ...ஒண்ணும் இல்ல.

தங்கை (மனதுக்குள்): இந்தப் பச்சைக்கு ஈடான அழுத்தத்தில் அந்தச் சிவப்பைக் கலக்க எத்தனை கிண்ணம் வீணாக்கினேன். ஒரு பொட்டுக் கூடினாலும் அவன் கண்ணுக்கும் எழுத்து தனியாகத் துருத்திக்கொண்டு நின்றிருக்கும். நிற்கவில்லை. அவனுடையது நான் பார்த்துப் பழகிய முகம்தான். கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரிப்பும் வருகிறதே, என்ன செய்ய?

பெரியம்மா: அதென்னடி, சில பேருக்குப் பக்கத்துல மட்டும் சிவப்பா ஒரு பழம்? என் பெரியவனுக்கு இருக்கு. சின்னவனுக்கு இல்ல. தங்கச்சி பசங்க ரெண்டு பேருக்கும் இருக்கு. என்ன, அந்தப் புள்ளி அட்டையில பாசாயிட்டவங்களா?

தங்கை: ஃபெயிலானவங்க. அவங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது. பொறவியிலயே.

பெரியம்மா: அட கடவுளே! அதான் என் பெரியவன் தக்காளி வாங்கப் போனா பச்சைக் காயா அள்ளிக்கிட்டு வர்றானா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவன் பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறான். ‘கவனம் இல்ல, கவனம் இல்ல’ன்னு... அவன்கிட்ட நான் இன்னிக்கே சொல்லணும்.

தங்கை: நான் சொல்லிட்டேன். ‘அப்ப என் தப்பு இல்லையா?’ன்னு கேட்டாரு. ரொம்ப நேரம் சிரிச்சாரு.

பெரியம்மா: மாமாங்க வீட்டுப் பக்கம் ஒரு பழத்தையும் காணோமே?

தங்கை: வராது. இது அப்பாகிட்டேர்ந்து பையனுக்குப் போகாது. அப்பா, பொண்ணு, பொண்ணோட பையன்... அப்படித்தான் போகும். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா சுமந்துக்கிட்டு வந்து பையன்கிட்ட கொடுத்துடுவா. டாக்டர்கிட்டயே கேட்டேன்.

பெரியம்மா: அப்ப எனக்கு எங்கேர்ந்து... எங்கப்பா பேரு பக்கத்துல என்னடி அது?

தங்கை: பழம்.

அண்ணன்: நிறுத்து! தாத்தாவுக்கா? உனக்குப் பைத்தியமா? ஊர்ல எந்தத் துணியைக் காட்டினாலும் அதே நிறத்துல பெயிண்ட் கலந்து கொடுத்த மனுஷன். ‘தங்கக் கண்ணு’ன்னு கடைக்குப் பேரே அதால வந்துச்சு. நாளைக்கு அதைத்தான் கொண்டாடப் போறோம்!

தங்கை: மூணு பொண்ணு வழியிலயும் இருக்கு. ரெண்டு பையன் வழியிலயும் இல்ல.

அண்ணன்: மூணா? அம்மா வழியில ஏது?

பெரியம்மா: அதானே. உங்க கிளையில பழமே இல்லையேடி.

தங்கை: ...ரெண்டு. தப்பாச் சொல்லிட்டேன். எங்க கிளை இன்னும் காய்க்கல பெரியம்மா.

அண்ணன்: பார்த்தீங்களா, இதுதான் இவ கணக்கு. பாட்டி வழியில வந்திருக்கலாமே!

தங்கை: வந்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் நீ எல்லா விருந்துலயும் சொல்ற கதை ஞாபகம் வந்துச்சு. சொல்லேன், பச்சைக் கதவு.

அண்ணன்: அதுக்கும் இதுக்கும் என்ன?

பெரியம்மா: சொல்லுடா, நீ சொன்னா நல்லா இருக்கும்.

அண்ணன்: நீதிபதி வீட்டுக் கதவுக்குச் சிவப்பு கேட்டாரு. தாத்தா கலந்து அனுப்பினது நல்ல பச்சை. அடிச்சு முடிச்ச அப்புறம்தான் நீதிபதி வீட்டுக்கு வந்து பார்க்கறாரு. நேரா கடைக்கு வந்து மேஜையைத் தட்டறாரு. தாத்தா அசரல. ‘ஐயா, நீங்க கேட்டது சிவப்புதான். உங்க வீட்டு முகத்துக்குப் பொருந்துனது பச்சை. வேண்டாம்னா சொல்லுங்க, மாத்திடறேன்’னாரு. நீதிபதி போய் எதிர்த்தெருவுல நின்னு பார்த்தாரு. கடைசிவரைக்கும் அந்தக் கதவு பச்சைதான்! அவர்தான் மேதாவி.

தங்கை: பெரியம்மா, அன்னிக்கு மேல்மாடி அத்தை எங்க இருந்தாங்க?

அண்ணன்: மாடியிலதான் இருந்திருப்பாங்க. வேற எங்க?

தங்கை: உன்னைக் கேக்கல.

பெரியம்மா: ...காய்ச்சல். அன்னிக்கு நெஜமாவே காய்ச்சல். ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம்.

தங்கை: நெஜமாவேன்னா? மத்த நாள்ல?

பெரியம்மா: நீ எங்கேர்ந்துடி இப்படிப் பொறந்த? ...தண்ணி கொடு.

அண்ணன்: பெரியம்மா, வேண்டாம். உங்களுக்குப் படபடப்பு வரும்.

பெரியம்மா: எனக்கு ஒரு படபடப்பும் இல்ல. இவ்வளவு வருஷம் இருந்துச்சு, அந்தப் பேரைச் சுவர்ல பார்த்ததும் போயிடுச்சு. கேளுடா. அப்பா துணியை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பாரு. தலையை ஆட்டுவாரு. ‘உள்ள வச்சு ஒரு தடவை பார்த்துட்டு வரேன்’னு பின்னாடி போவாரு. பின்னாடி நான் நிப்பேன். துணியை வாங்கிக்கிட்டு ஒரே ஓட்டமா மாடிக்கு ஓடுவேன். அத்தை அதைக் கன்னத்துல வச்சுப் பார்ப்பாங்க. ஏன்னு தெரியாது, கன்னத்துல வச்சாதான் நிறம் பேசும்பாங்க. அப்புறம் கைத்தடியை எடுத்துத் தரையைத் தட்டுவாங்க.

தங்கை: அப்ப தட்டினது...

பெரியம்மா: கீழ அலமாரியில டின்னுங்க ஒரே வரிசையில இருக்கும். ஒரு டின்னை யாராவது நகர்த்திட்டா அப்பா அடிக்கவே வந்துடுவாரு. முதல்ல தட்டறதெல்லாம் முதல் டின்னுக்கு. அஞ்சு தட்டினா அஞ்சு கரண்டி. தடியை ஒரு இழுப்பு இழுத்தாங்கன்னா அடுத்த டின்னுக்குப் போகணும். அப்பா கீழேர்ந்து எண்ணிக்கிட்டே ஊத்துவாரு. வந்தவங்க மேல அண்ணாந்து பார்த்து, ‘பாவம், இன்னிக்கு ரொம்ப முத்திடுச்சு போல’ம்பாங்க. அப்பாவும் ‘என்ன பண்றது’ன்னு பெருமூச்சு விடுவாரு. விட்டுக்கிட்டே எண்ணுவாரு!

அண்ணன்: ...தட்டல்தான் கணக்கா?

தங்கை: ஊரே கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. ஒருத்தருக்கும் காது கேக்கல.

தங்கை (மனதுக்குள்): நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நான் தேடிப் போனது அத்தையின் கண்ணை மட்டும்தான். அவருடைய குரல் கிடைத்திருக்கிறது. பைத்தியம் என்று அடையாளம் காட்டிய அதே சத்தம். சந்தோஷத்தில் பெரியம்மாவின் தண்ணீரை நான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மா: என் தண்ணியைக் கொடுடி.

தங்கை: ஐயோ, மன்னிச்சுக்கோங்க. ஆனா... ஏன் பெரியம்மா? கீழ வந்து உக்காந்து கலந்திருக்கலாமே. தங்கச்சி கூட இருக்கான்னு சொன்னா என்ன?

பெரியம்மா: கீழ வந்தா நாலு பேர் பார்ப்பாங்க. அத்தை அழகுடி. பொண்ணு கேட்டு வந்துக்கிட்டே இருந்தாங்க. கட்டிக் கொடுத்துட்டா கடைக்குக் கண்ணு ஏது? ‘அவளுக்குப் புத்தி சரியில்லைங்க’ன்னு அப்பா ஒரு தடவை சொன்னாரு. அந்த ஒரு தடவையே போதுமா இருந்துச்சு. அப்புறம் யாரும் வரல.

அண்ணன்: அத்தைக்குத் தெரியுமா?

பெரியம்மா: கீழ பேசினா மாடிக்குக் கேக்கும்டா. 

அண்ணன்: அப்புறம்?

பெரியம்மா: அவங்க போனதும் அப்பா கலக்கறதையே நிறுத்திட்டாரு. ‘தங்கச்சி துக்கம்’னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். டப்பாவுல அடைச்சு வர்ற பெயிண்ட்டை மட்டும் வித்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் நீ தலையெடுத்துதான் மறுபடி கலக்க ஆரம்பிச்ச. ‘தாத்தா கண்ணு பேரனுக்கு வந்துடுச்சு’ன்னு ஊரே சொல்லிச்சு. எனக்கு மட்டும் ஆச்சரியமா இருக்கும். அவர்கிட்ட இல்லாதது உனக்கு எப்படிடா வந்துச்சு?

அண்ணன்: ...அதெல்லாம் பழக்கம்தான் பெரியம்மா.

பெரியம்மா: பழக்கமா... இருக்கும், இருக்கும். இவ ஏன் எப்பவும் பின்னறையிலயே இருக்கா? ஒத்தைத் தலைவலின்னு சொன்ன, இன்னும் போகலையா?

தங்கை: எனக்குத் தலைவலியே கிடையாது பெரியம்மா.

பெரியம்மா: ...அப்படியா.

அண்ணன்: சரி, போதும். நடந்தது நடந்துபோச்சு. எனக்கும் வருத்தமாதான் இருக்கு. ஆனா நாளைக்கு விழா. அந்தப் பேரு மேல ரெண்டு இலை வரைஞ்சுடு. பழத்தையும் அழிச்சுடு. அடுத்த வருஷம் நிதானமா யோசிச்சு...

பெரியம்மா: தூரிகை எடுத்தா கையை உடைப்பேன்.

அண்ணன்: பெரியம்மா!

பெரியம்மா: என்ன பெரியம்மா? நான்தான் அந்தத் துணியைத் தூக்கிக்கிட்டு ஓடினவ. மேயர் கேட்டா நான் சொல்றேன். பத்திரிகைக்காரன் கேட்டா நான் சொல்றேன். கேக்கலைன்னாலும் சொல்றேன்! முன்வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போடு. கை வச்ச நாற்காலி.

தங்கை: போட்டாச்சு.

பெரியம்மா: எங்கப்பா கெட்டவர் இல்லடா. பயந்தவரு. அவர் பேரும் இருக்கட்டும், பழத்தோட. அத்தை பேருக்குக் கீழ.

அண்ணன்: ...சரி. இருக்கட்டும்.

தங்கை: நெஜமாவா?

அண்ணன்: அழிக்க வேண்டாம். இருக்கட்டும்னுதானே சொல்றேன். எத்தனை தடவை சொல்லணும்?

பெரியம்மா: அப்படி வா வழிக்கு! நான் முன்னாடி போய் அந்தக் கல்லாப் பையன்கிட்ட ஒரு காபி கேக்கறேன். இன்னிக்குச் சர்க்கரை ரெண்டு கரண்டி. டாக்டர் கிடக்கட்டும்.

தங்கை: படி பார்த்து, பெரியம்மா.

பெரியம்மா: பார்த்துக்கறேன், பார்த்துக்கறேன். நம்ம வீட்டுல பொம்பளைங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்!

அண்ணன்: ...போயிட்டாங்களா?

தங்கை: போயிட்டாங்க.

அண்ணன்: மெதுவாப் பேசு. ஜெயிச்சுட்ட. சந்தோஷமா?

தங்கை: ரொம்ப. மறைக்க மாட்டேன்.

அண்ணன்: நான் அந்த உச்சிக்கு நேரா நின்னு, வெறும் இலைதான்னு சொன்னப்ப... மனசுக்குள்ள சிரிச்சியா?

தங்கை: கொஞ்சம்.

அண்ணன்: பிசாசே.

தங்கை: சமர்த்துன்னு சொன்னியே, அப்ப இன்னும் கொஞ்சம்.

அண்ணன்: சரி, நான் விட்டுக் கொடுத்துட்டேன். அத்தை பேரு இருக்கு, தாத்தா பழம் இருக்கு, பெரியம்மாவுக்கு நாற்காலி இருக்கு. பதிலுக்கு எனக்கு ஒண்ணே ஒண்ணு.

தங்கை: கேளு.

அண்ணன்: நாளைக்கு மேடையில மேயர் ஒரு துணியைக் கொடுப்பாரு. அதே நிறத்தை நான் கலந்து காட்டணும். அழைப்பிதழ்லயே போட்டாச்சு, என் படத்தோட. நீ பக்கத்துல நில்லு. உதவிக்கு நிக்கற மாதிரி. பின்னறையில எப்பவும் பண்ற மாதிரி... அவ்வளவுதான். நாளைக்கு ஒரு நாள். அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்.

தங்கை (மனதுக்குள்): குரல் சின்னப் பையனுடையது. பள்ளிக்கூடத்தில் இலைக்குப் பழுப்பும் மரத்துக்குப் பச்சையும் தீட்டிவிட்டு, எல்லோரும் சிரித்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தானே, அந்தப் பையன். அன்று அவன் பெட்டியில் இருந்த ஒவ்வொரு பென்சிலுக்கும் நான்தான் அடையாளம் வெட்டிக் கொடுத்தேன். அன்பாகத்தான் ஆரம்பித்தது. மாடியிலும் அன்பாகத்தான் ஆரம்பித்திருக்கும். இவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதனால்தான் இதைச் சத்தமில்லாமல் சொல்ல முடிகிறது.

அண்ணன்: என்ன யோசிக்கற? நிக்கறதானே?

தங்கை: இல்லண்ணா. எது சிவப்பு, எது பச்சைன்னு உன் காதுல சொல்றதுக்கு இனிமே நான் பக்கத்துல நிக்க மாட்டேன். அந்த ஒரு பச்சைக் கதவைத் தவிர, கடை திறந்த நாள்லேர்ந்து இங்க கலந்ததெல்லாம் அத்தையும் நானும்தான். நாளைக்குத் துணியை என் கையில கொடுக்கச் சொல்லு, நானே கலக்கறேன். நீ மைக்கை வாங்கி, யார் கலக்கறாங்கன்னு என் பேரைச் சொல்லு.